எங்கள் வீட்டு சோபா யாருக்காக?

ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள். நம் ஊர் வீடுகளைப் பார்த்தால் இடம் பாதி, சாமான் பாதி என்று சொல்லத் தோன்றுகிறது. சேலத்திலும் நாமக்கல்லிலும் இடைப்பட்ட சிற்றூர்களிலும் புதுமனை புகுவிழாக்களுக்குப் பெற்றோருடன் சென்று வந்தவர்கள் நாங்கள். கேசரியையும் காபியையும் முடித்த கையோடு, எங்கள் பெஞ்சுத் தோழியர் நால்வரும் அந்த வீடுகளைக் கண்ணால் அளந்து வந்தோம். பிறகு எங்கள் வீடுகளையும் அளந்தோம். அந்த அளவைகளை இந்த ஆண்டு மலரில் எழுதி வைக்க விழைகிறோம். பெற்றோர் சினம் கொள்ள வேண்டா. எல்லாம் அடுத்த வீட்டுக் கதை என்று எண்ணிக்கொண்டு படித்தால் நன்றாகச் சிரிக்கலாம்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்ததும் நம்மை வரவேற்பது ஷோகேஸ். எங்கள் தமிழம்மா அதற்குக் காட்சிப்பேழை என்று அழகான பெயர் சொல்லுவார். பேழைக்குள்தான் என்னென்ன காட்சிகள்! உள்ளே பல்பு எரியும் தாஜ்மகால் ஒன்று. ராமேசுவரத்துச் சங்கு ஒன்று. பாலிதீன் உறை கழற்றப்படாத கரடி பொம்மை ஒன்று. அதைப் பிறந்த நாள் பரிசாகப் பெற்ற குழந்தை இப்போது கல்லூரியில் படிக்கிறது. திருமணப் பரிசாக வந்த கடிகாரங்கள் மூன்று. மூன்றும் ஓடுவதில்லை. ஆனால் மூன்றும் வெவ்வேறு நேரத்தில் நின்றுவிட்டபடியால், நாளொன்றுக்கு ஆறு முறை அந்த வீட்டில் சரியான மணி தெரியும்.

நடுத்தட்டில் தங்க விளிம்பு வைத்த பீங்கான் கோப்பைகள் ஆறு இருக்கின்றன. அவை விருந்தினருக்கு. நாங்கள் எவர்சில்வர் டம்ளரில் குடிப்பவர்கள். சென்ற தீபாவளிக்கு உண்மையாகவே விருந்தினர் வந்துவிட்டார்கள். அம்மா கோப்பைகளை எடுத்துப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் ஒரு விரற்கடைத் தூசி. கழுவுவதற்குள் காபி ஆறிவிடும் என்று அவர்களுக்கும் எவர்சில்வர் டம்ளரிலேயே கொடுத்தோம். கோப்பைகள் பழைய இடத்துக்கே திரும்பின, அடுத்த விருந்தினரை எதிர்பார்த்து!

அடுத்தது சுவர். சித்திரை மாதத்தில் சேலத்து வெயில் நாற்பது டிகிரி செல்சியஸைத் தொடும். அந்த வெயிலில் எங்கள் ஹாலில் பனி பெய்துகொண்டிருக்கிறது. சுவர் முழுவதும் ஒட்டிய ஆல்ப்ஸ் மலைப் படம் அது. பனிமலை, அருவி, ஊசியிலை மரங்கள், மரவீடு எல்லாம் உண்டு. வடக்குச் சன்னலைத் திறந்தால் உண்மையான சேர்வராயன் மலை தெரியும். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு இருக்கிறது. மழை முடிந்த காலை வேளையில் மேகம் இறங்கி நிற்பதை மொட்டை மாடியிலிருந்து காசு கொடுக்காமல் காணலாம். ஆனால் அந்தச் சன்னலைத் திறக்க எங்களுக்கு அனுமதி இல்லை. திறந்தால் தூசி வந்து ஆல்ப்ஸ் மலைமேல் படிந்துவிடுமாம்.

குளிர்சாதனப் பெட்டி சமையலறைப் பொருள் என்று பாடப் புத்தகம் சொல்லும். எங்கள் வீட்டில் அது ஹாலில் நிற்கிறது. அதன் கைப்பிடிக்குச் சட்டை உண்டு, தலைக்குப் பூவேலை செய்த முக்காடு உண்டு. தண்ணீர் கேட்ட விருந்தினர் முன்னிலையில் கதவைத் திறக்கும்போது, நேற்றைய சாம்பாரும் அரைத்த மாவும் அவர்களுக்கு வணக்கம் சொல்லுகின்றன. எங்களுள் மற்றொருத்தி வீட்டில், 2006-ஆம் ஆண்டு தொடங்கிய அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வந்த பெட்டி இன்னும் இருக்கிறது. அது பேச்சை நிறுத்திப் பல ஆண்டுகளாயின. இப்போது அதன் தலையில் பிளாஸ்டிக் ரோஜாக்கள் மலர்ந்திருக்கின்றன. நேர் எதிரே சுவரில் புதிய தொலைக்காட்சி, சன்னலளவு பெரியது. பழையது புதியதைப் பார்த்துக்கொண்டே காலம் கழிக்கிறது.

இவ்வளவும் இருக்கும் வீடுகளில் இல்லாத பொருள் ஒன்று உண்டு. நாங்கள் எழுதுவதற்கு ஒரு மேசை!

மேசை, அலமாரி, சன்னல், சாவி ஆகிய நான்கு சொற்களும் போர்த்துகீசியர் நமக்குத் தந்துவிட்டுப் போனவை. அவற்றுள் மூன்று பொருள்கள் எங்கள் வீடுகளுக்கு வந்து சேர்ந்துவிட்டன. மேசையை ஏற்றி வந்த கப்பல் மட்டும் இன்னும் கரை சேரவில்லை. நாங்கள் நால்வரும் அரசுப் பொதுத் தேர்வுக்குப் படிக்கும் இடங்களைக் கேளுங்கள். ஒருத்திக்குத் தையல் மெஷினின் மூடி. ஒருத்திக்கு மாடிப்படியில் நான்காவது படி. ஒருத்திக்கு அரிசி டிரம். அம்மா உலைக்கு அரிசி எடுக்க வரும்போதெல்லாம் வரலாறு நின்றுவிடும். ஒருத்திக்குத் தறிமேடை.

மேசை வேண்டும் என்று விண்ணப்பித்தபோது, “அதான் அவ்வளவு பெரிய பீரோ இருக்குதே கண்ணு, புஸ்தகத்தை அதுல வச்சுக்கோ” என்றார் அப்பா. பீரோ என்பது பிரெஞ்சுச் சொல். முதலில் அது மேசைமேல் விரிக்கும் முரட்டுக் கம்பளித் துணியைச் சார்ந்து பிறந்து, பிறகு எழுதும் மேசையையும், அதன்பின் அலுவலகத்தையும் குறித்தது. எழுதும் மேசையாக இருந்த அந்தப் பீரோவுக்கு நம் நாட்டுக்கு வந்ததும் இரும்புக் கதவும் நிலைக்கண்ணாடியும் முளைத்துவிட்டன. பட்டுப்புடவைகளும் பத்திரங்களும் உள்ளே புகுந்து தாழிட்டுக்கொண்டன. எழுத வந்த பெண் மாடிப்படிக்குப் போய்விட்டாள்.

எல்லா வீடும் இப்படித்தான் என்று சொன்னால் பொய்யாகும். எங்களுள் ஒருத்தியின் தந்தை நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் தொழிலாளி. அவர்கள் வீட்டு வாசற்கதவு லாரியின் பின்கதவைப் போலவே மஞ்சளும் சிவப்புமாக, இரண்டு தாமரைகளுடன் இருக்கும். ஒலி எழுப்புக என்று எழுதாத குறைதான். முதலில் நாங்கள் நகைத்தோம். உள்ளே சென்றபின் நகைப்பு நின்றது. லாரியில் ஒரு சாண் இடத்தைக்கூட வீணாக்க மாட்டார்கள் அல்லவா? ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் படுக்கை, படுக்கைக்கடியில் பெட்டி என்று அமைக்கும் அதே கணக்கில், அவர் மீந்த மரத்துண்டுகளைக்கொண்டு ஒரே அறையில் மூன்று பிள்ளைகளுக்கும் மூன்று மடக்குப் பலகைகள் அமைத்திருக்கிறார். வேண்டும்போது இறக்கினால் மேசை, வேண்டாதபோது ஏற்றினால் சுவர். அந்த வீட்டில் ஷோகேஸ் கிடையாது. ஆனால் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் உண்டு. அரிசி டிரம்மை நம்பிப் படித்தவளும் அவள்தான். சென்ற ஆவணி மாதத்தோடு டிரம்முக்கு விடுதலை கிடைத்தது.

தறிமேடைத் தோழி சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறாள். நெசவாளர் வீட்டில் ஹால் முழுவதும் குழித்தறிதான். விருந்தினர் வந்தால் தறிக்கும் சுவருக்கும் நடுவே உள்ள முக்கால் கஜத்தில் பாய் விரிப்பார்கள். இழை அறுந்து தந்தை முடிச்சுப் போடும் நேரத்தில் அவள் கணக்குப் போடுவாள். அலங்காரம் என்று தனியாக ஒன்றை அந்த வீட்டில் வாங்கி வைக்கவில்லை. தறியில் பாதி நெய்து நிற்கும் வெண்பட்டு வேட்டியின் கரை ஒன்றே போதும், கண்ணுக்கு.

நிற்க. இனிக் கட்டுரையின் தலைப்புக்கு வருவோம்.

எங்கள் வீட்டு சோபா மெரூன் நிறம் உடையது. இருபது மாதச் சீட்டுப் பணத்தில் வந்தது. கடையில் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறையை இன்றுவரை கழற்றவில்லை. உறைக்குமேல் ஒரு விரிப்பு, விரிப்புக்குமேல் கைப்பிடிகளுக்குத் தனித் துணி. ஆகவே சோபாவின்மேல் உட்கார்ந்தவர் எங்கள் வீட்டில் இதுவரை யாரும் இல்லை. அதன் உடுப்புகளின்மேல் உட்கார்ந்தவர் சிலர் உண்டு. கோடையில் உட்கார்ந்து எழுந்தால் அப்பளம் பிரிவதுபோல் ஓசை கேட்கும். பிள்ளைகள் உட்காரக் கூடாது, ஏனெனில் கால் தூசி. அப்பா உட்கார மாட்டார், ஏனெனில் வேட்டியில் கிரீஸ். அம்மாவுக்கு உட்கார நேரமே இல்லை.

சோபா என்ற சொல் அரபு நாட்டுச் சுஃப்பா என்ற சொல்லிலிருந்து வந்தது என்று நூலகத்து அகராதியில் கண்டோம். அதன் பொருள் உயரமாகக் கட்டிய இருக்கை, அதாவது திண்ணை! மதீனா நகரத்தில் நபிகள் நாயகத்தின் பள்ளிவாசலில் வீடற்ற ஏழையர் தங்கியிருந்த நிழல் திண்ணைக்கும் அதே பெயர்தான். எங்கள் அப்பத்தா வாழ்ந்த பழைய ஓட்டு வீட்டில் இருபுறமும் திண்ணை இருந்ததாம். அதை இடித்துவிட்டுத்தான் இந்தப் புதுவீடு எழுந்தது. உள்ளூர்த் திண்ணையை இடித்துவிட்டு அரபுத் திண்ணையைத் தவணையில் வாங்கி, அதற்கும் உறை போட்டு வைத்திருக்கிறோம்.

இதைச் சொல்லிச் சிரித்தபோது அப்பா சிரிக்கவில்லை. “திண்ணை திண்ணைன்னு பேசறீங்க. எல்லாத் திண்ணையிலயும் எல்லாரும் உக்கார முடியாது கண்ணு. நான் சின்னப் பையனா கூலி வாங்கப் போனா, வாசல்ல நின்னுதான் வாங்கணும். சம்பாரிச்சா ஒரு நல்ல சோபா வாங்கிப் போடணும்னு அப்பவே நெனச்சேன்” என்றார். அன்றைக்கு எங்கள் வாய் அடைத்துப் போயிற்று. நாங்கள் கேலி செய்த சோபாவில் இப்படி ஒரு வலி உறை போட்டு வைக்கப்பட்டிருக்கிறது என்று யார் கண்டார்கள்?

ஆனாலும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அப்பத்தாவுக்கு வயது எழுபத்தெட்டு. முழங்கால் தேய்ந்துவிட்டபடியால் தரையில் அமர்ந்தால் எழ முடியாது. ஒருநாள் பிற்பகல், வீட்டில் யாருமில்லாத நேரம் பார்த்து, மெல்ல வந்து சோபாவின் ஓரத்தில் அமர்ந்துவிட்டார். மடியில் வெற்றிலைப் பை. அன்றைக்குப் பள்ளியிலிருந்து சிஸ்டர் ஒருவர் வீடு சந்திக்க வருவதாக இருந்தது. பள்ளி விட்டு ஓடி வந்த நாங்கள் இந்தக் காட்சியைக் கண்டோம். “அப்பத்தா, எந்திரிங்க! சிஸ்டர் வர்றாங்க. பின்னால போய் உக்காருங்க” என்றோம். அவர் ஒன்றும் பேசவில்லை. வெற்றிலைப் பையை எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்து எழுந்து, புறக்கடைக்குப் போய்த் துவைக்கும் கல்லருகே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்தார். சுருங்கிய விரிப்பை நாங்கள் இழுத்துச் சரி செய்தோம்.

எழுப்பியது அப்பா இல்லை, அம்மாவும் இல்லை. நாங்கள்தாம். எங்கள் நால்வருள் யார் என்று மட்டும் கேட்க வேண்டா. ‘நாங்கள்’ என்று எழுதுவதில் உள்ள பெரிய வசதியே அதுதான்.

சிஸ்டர் வந்தார். சோபாவைக் காட்டினோம். அமர்ந்தார், அப்பளம் ஓசை கேட்டது. “வீட்டில் பாட்டி இருக்கிறார்கள் என்றாயே, எங்கே?” என்று கேட்டார். நாங்கள் புறக்கடைப் பக்கம் கையைக் காட்டினோம். உடனே எழுந்து அங்கே போய்விட்டார். துவைக்கும் கல்லின்மேல் அமர்ந்து அரைமணி நேரம் அப்பத்தாவோடு மாட்டைப் பற்றியும் முழங்கால் தைலத்தைப் பற்றியும் பேசினார். அப்பா நின்றார், அம்மா நின்றார், நாங்கள் காபித் தட்டுடன் நின்றோம். ஹாலில் சோபா தன்னந்தனியாக அமர்ந்திருந்தது. பெத்தானியா ஊரில் மார்த்தாள் வீட்டுக்கு ஆண்டவர் விருந்தினராக வந்தபோது, மரியாள் அவர் காலடியில் தரையில்தான் அமர்ந்தாள் என்று மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். மார்த்தாளைப்போல் பரபரத்தவர்கள் யார் என்று அன்று எங்களுக்குத் தெரிந்துபோயிற்று.

அந்த வாரமே தமிழம்மா புறநானூற்றுக் கதை ஒன்றைச் சொன்னார். மோசிகீரனார் என்ற புலவர் நெடுவழி நடந்த களைப்போடு சேரமன்னன் அரண்மனைக்கு வந்தார். அங்கே வீரமுரசை வைப்பதற்கென்று மெல்லிய பூக்கள் பரப்பிய கட்டில் ஒன்று இருந்தது. முரசை நீராட்ட எடுத்துச் சென்றிருந்தார்கள். அது முரசுகட்டில் என்று அறியாத புலவர் அதில் படுத்து உறங்கிவிட்டார். அக்கட்டிலில் ஏறியவரை வாளால் வெட்டுவது அக்கால வழக்கம். அரசன் வந்து கண்டான். வாளை ஓங்கவில்லை. விசிறியை எடுத்து, தன் தோள் வலிக்க அவருக்கு வீசிக்கொண்டு நின்றான். அவன் பெயர் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை. தகடூர் என்பது இன்றைய தருமபுரி. 1965 வரை அது நம் சேலம் மாவட்டத்தோடுதான் இருந்தது.

வகுப்பில் எல்லாரும் மன்னனைப் புகழ்ந்தார்கள். எங்கள் பெஞ்சில் மட்டும் ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். உட்காரக் கூடாத கட்டிலில் முன்பின் அறியாதவர் ஒருவர் படுத்ததற்கு அரசன் விசிறி எடுத்தான். உட்காரக் கூடாத சோபாவில் பெற்ற பாட்டி அமர்ந்ததற்கு நாங்கள் என்ன எடுத்தோம்?

எனவே எங்கள் கருத்தைப் பணிவுடன் சொல்லிவிடுகிறோம். ஷோகேஸ் தவறென்றோ, பனிமலைப் படம் குற்றமென்றோ நாங்கள் வாதாடவில்லை. அழகாக வாழ ஆசைப்படுவது நல்ல ஆசையே. ஆனால் ஒரு பொருள் நல்ல பொருளா என்று அறிய எங்களிடம் இப்போது ஓர் உரைகல் இருக்கிறது. அது யாரை உட்கார வைக்கிறது, யாரை எழுப்பி விடுகிறது என்று பார்த்தால் போதும். அப்பாவை வாசலில் நிறுத்திய அந்தப் பழைய திண்ணையும், அப்பத்தாவைப் புறக்கடைக்கு அனுப்பிய எங்கள் சோபாவும் இந்தத் தேர்வில் ஒருசேரத் தோற்றுவிட்டன. வென்றது எது தெரியுமா? நாம் மதிக்காத பிளாஸ்டிக் நாற்காலி! பிரான்சு நாட்டு என்றி மசொனே என்பவர் 1972-இல் ஒரே வார்ப்பில், இரண்டே நிமிடத்துக்குள் ஒரு நாற்காலி செய்யும் வழியைக் கண்டார். அந்த இனம் உலகெங்கும் பரவி நம் ஊர்க் கலியாணத்துக்கும் வருகிறது, இழவு வீட்டுக்கும் வருகிறது. சாதி கேட்பதில்லை, கால் தூசி பார்ப்பதில்லை. அப்பத்தாவுக்கு அன்று இடம் கொடுத்தது அது ஒன்றுதான்.

பொங்கலுக்கு முன் வெள்ளையடித்தபோது நாங்கள் அப்பாவிடம் இரண்டு விண்ணப்பங்கள் வைத்தோம். சோபாவின் உறையைக் கிழிக்க வேண்டும் என்பது ஒன்று. ஒரு மேசை வேண்டும் என்பது மற்றொன்று. அப்பா நெடுநேரம் சோபாவைப் பார்த்தார். பிறகு அவரே கத்தரிக்கோலை எடுத்து வந்தார். உறை கிழிந்ததும், “முதல்ல ஆத்தா உக்காரட்டும்” என்றார். அப்பத்தா வரமாட்டேன் என்று நாலுமுறை மறுத்துவிட்டு, ஐந்தாம் முறை வந்து அமர்ந்தார். அன்று மாலையே கைப்பிடியில் வெற்றிலைக் கறை ஒன்று விழுந்தது. அம்மா அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் அவரிடம் அன்றைக்கே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். மூன்று நாள் கழித்துத்தான் கேட்டோம். “எதுக்குச் சாமி?” என்றார். மறந்துவிட்டாராம். மறந்திருக்க மாட்டார் என்பது எங்களுக்குத் தெரியும்.

மேசை இன்னும் வரவில்லை. அடுத்த சீட்டு எடுத்ததும் வாங்கலாம் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அதுவரையில் நாங்கள் அப்பத்தாவின் பக்கத்தில், சோபாவின்மேல் பலகை வைத்துப் படிக்கிறோம். இதைப் படிக்கும் தாய்மாரே, தந்தையரே, உங்கள் வீட்டு சோபாவையும் இன்று மாலை ஒருமுறை பாருங்கள். அதன்மேல் யாரும் இல்லையென்றால், வீட்டில் யார் நின்றுகொண்டிருக்கிறார்கள் என்று ஒருகணம் தேடுங்கள். தோழியரே, யாரையாவது எழுப்பிவிடப் போகுமுன் மோசிகீரனாரை நினைத்துக்கொள்ளுங்கள். விசிறி கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, மின்விசிறியையாவது போட்டுவிடுங்கள்!